ஒட்டுப் போட்ட டயரும் புது டயரும்

டிராக்டரின் பின் டயர் கிழிந்ததும் உழவர் வீட்டில் எழுகிற முதல் கேள்வி, எவ்வளவு ஆகும் என்பதுதான். வல்கனைசிங் கடைக்காரர் ஒரு தொகை சொல்கிறார். டயர் கடைக்காரர் அதைப் போலப் பல மடங்கு சொல்கிறார். இரண்டையும் எதிரெதிரே வைத்தால் ஒட்டுப் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊர் மச்சான் வந்து, "ஒட்டுப் போட்ட டயரா? போன போகத்துல எனக்கு நட்ட நடு வயல்ல விட்டுடுச்சு" என்று சொன்னால், கடன் வாங்கியாவது புதுசு போட்டுவிடலாம் என்று மனம் மாறிவிடும். இரண்டு முடிவுமே டயரைப் பார்க்காமல் எடுத்தவை.

ஒட்டையும் புதுசையும் நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் ரூபாயைப் பிற்பாடு பார்க்கலாம். காயம் டயரின் எந்தப் பகுதியில் விழுந்திருக்கிறது, உள்ளே நூல் எவ்வளவு அறுந்திருக்கிறது, அந்த வண்டி அடுத்த சில மாதங்களில் எந்த வேலைக்குப் போகப்போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இவை தெரிந்த பிறகு, எந்த வழி என்பதில் பெரும்பாலும் சந்தேகமே இருக்காது.

நம் ஊர்களில் ஓடும் டிராக்டர்களில் மிகப் பழக்கமான பின் டயர் அளவு 13.6-28. மாசி 1035, மஹிந்திரா 575 போன்ற வண்டிகளில் இதைப் பார்க்கலாம். முதல் எண் டயரின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது எண் ரிம்மின் விட்டம், அதுவும் அங்குலத்தில். காற்றடித்து நிறுத்தினால் உயரம் ஏறத்தாழ 1.3 மீட்டர். வெளியே நமக்குத் தெரிவது ரப்பரும், அதில் துருத்தி நின்று தரையைப் பிடிக்கும் பட்டனும்தான். சுமையைத் தாங்குவது அந்த ரப்பர் அல்ல, அதற்குள் அடுக்கடுக்காக இருக்கும் நைலான் நூல். ஓர் அடுக்கு இடப்பக்கம் சாய்ந்தும் அடுத்த அடுக்கு வலப்பக்கம் சாய்ந்தும், குறுக்கும் நெடுக்குமாக, கயிற்றுக் கட்டிலில் கயிறு ஓடுவது போல ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடும். கட்டிலில் ஒரு கயிறு அறுந்தால் பக்கத்துக் கயிறுகள் அந்தப் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். நாலைந்து சேர்ந்து அறுந்தால் அந்த இடம் தொய்ந்துவிடும். டயரிலும் அதேதான் நடக்கிறது. தொய்ந்த இடம் வெளியே புடைத்துக்கொண்டு வரும்.

நூல் ஓடி முடியும் இடத்தில், ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் விளிம்புக்குள், எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. கடைகளில் அதைப் பீடிங் என்பார்கள். டயரை ரிம்மோடு கட்டிவைத்திருப்பது அந்தக் கம்பிதான். அது அறுந்தாலோ நெளிந்தாலோ எந்த ஒட்டும் அதைச் சரிசெய்யாது. பீடிங்கை ஒட்டிய கிழிசலுக்கும் இதே தீர்ப்பு. அங்கே பேரம் பேசுவதற்கு ஒன்றுமில்லை, புது டயர்தான்.

பட்டனுக்கு நடுவே குத்திய காயமும், பக்கச் சுவரில் விழுந்த வெட்டும், பட்டன் முடிந்து சுவர் தொடங்கும் தோள்பட்டையில் ஏற்பட்ட கிழிசலும் ஒரே நீளத்தில் இருந்தாலும் ஒன்றல்ல. நடுவே ரப்பர் தடிமனாக இருக்கிறது, வளைவு குறைவு. பக்கச் சுவர் மெல்லியது, ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும்போது மடங்கி விரியும். தோள்பட்டை இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அதிகம் கசங்குகிற இடம். காரில் பக்கச் சுவர் கிழிந்தால் எந்த நல்ல மெக்கானிக்கும் ஒட்டுப் போடச் சம்மதிக்க மாட்டார். டிராக்டரில் அது முடியும். காரணம் வேகம். டிராக்டர் டயர்களில் ஏ6 என்று குறித்திருந்தால் அது மணிக்கு 30 கிலோமீட்டருக்காகச் செய்தது, ஏ8 என்றால் 40. வயலில் அந்த வேகமும் கிடையாது. காற்றும் குறைவு, பின் டயரில் உழவுக்கு 12 முதல் 16 பி.எஸ்.ஐ. போதும். வேகமும் காற்றழுத்தமும் சூடும் குறைவு என்பதால்தான் காருக்குப் பொருந்தாத பழுதுபார்ப்பு டிராக்டருக்குப் பொருந்துகிறது. காரில் கற்ற பாடத்தை டிராக்டருக்குக் கொண்டுவந்து நல்ல டயரைத் தூக்கிப்போட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

ஒட்டு என்று ஊரில் சொல்வதற்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒப்பீட்டில் குழப்பம் வருவதற்கு இதுதான் பெரிய காரணம்.

ஒன்று டியூப்புக்குப் போடுவது. நம் டிராக்டர் டயர்கள் பெரும்பாலும் டியூப் உள்ளவை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேல முள் ஏறினால் டியூப்பை எடுத்து ஒட்டி, முள்ளைத் தேடிப் பிடுங்கிவிட்டு மாட்டிவிடலாம். டயரில் முள் போன ஓட்டை ஊசித்துளைதான், நூல் விலகி வழிவிட்டிருக்கும், அறுந்திருக்காது. இதைப் பஞ்சர் என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.

இன்னொன்று, கிழிந்த இடத்துக்கு உள்பக்கமாகப் பழைய டயர்த் துண்டு ஒன்றை வெட்டிவைத்து, அதன்மேல் டியூப்பை மாட்டிக் காற்றடிப்பது. துண்டு எங்கும் ஒட்டியிருக்காது. டியூப்பின் அழுத்தத்தில் நிற்கும், அவ்வளவுதான். பாதி உழவில் வண்டி நிற்கிறது, கடை 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் வீடு வந்து சேர அது உதவும். ஆனால் நிறையப் பேர் அதையே முழு வைத்தியமாக நினைத்து இரண்டு போகம் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துண்டின் ஓரம் டியூப்பைத் தேய்க்கிறது. கிழிசல் வாய் திறந்து மூடுகிறது. திறக்கும்போது சேறும் மணலும் உள்ளே போகின்றன, மூடும்போது அவை நூலை அரம் போட்டு அறுக்கின்றன. வைக்கும்போது விரல் நீளத்தில் இருந்த கிழிசல், எடுக்கும்போது கைநீளம் ஆகியிருக்கும். மச்சான் சொன்ன "ஒட்டுப் போட்ட டயர்" பெரும்பாலும் இதுதான். அந்த டயருக்கு ஒட்டே போடவில்லை.

மூன்றாவதுதான் உண்மையான பழுதுபார்ப்பு. புது டயரோடு பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடத் தகுந்தது இது ஒன்றே. அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் டயர் ரிம்மிலிருந்து முழுக்க வெளியே வர வேண்டும். எடைக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால் அதை இறக்க வேண்டும். வால்வை மேலே வைத்து நிரப்பிய 13.6-28 டயரில் சுமார் 200 லிட்டர் இருக்கும், அதோடு கழற்ற நினைப்பது ஆபத்து. பிறகு கழுவிக் காய வைத்து, கிழிசலை விரித்து, விளக்கு வைத்து உள்ளேயும் வெளியேயும் பார்ப்பார்கள். வெளியே கட்டைவிரல் அளவு தெரியும் வெட்டு உள்ளே உள்ளங்கை அளவு அடுக்குப் பிரிந்து கிடக்கலாம். தட்டிப் பார்த்தும், கம்பி முனையை விட்டுத் துழாவியும் இதைக் கண்டுபிடிப்பார்கள். நல்ல கடைக்காரர் இந்த இடத்தில்தான் "நூல் போச்சுண்ணே, காச வீணாக்காதீங்க" என்று சொல்வார். அப்படிச் சொல்லத் தெரிந்தவரிடம் அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு டயரைக் கொடுக்கலாம்.

தேறும் என்று தெரிந்தால் கிழிசலைப் பெரிதாக்குவார்கள். பார்க்கிற நமக்குப் பதறும், ஆனால் அதுதான் சரி. நைந்த நூலையும் அழுக்கேறிய ரப்பரையும் சாய்வாகச் செதுக்கி எடுத்து, உறுதியான பகுதி தெரியும் வரை போவார்கள். சுற்றிலும் அரைத்துச் சொரசொரப்பாக்கி, தூசி தட்டி, சொல்யூஷன் பூசி உலர விடுவார்கள். இந்த உலர்தலில் அவசரப்பட்டால் உள்ளே மாட்டிய ஈரம் சூட்டில் ஆவியாகிக் கொப்புளம் கட்டும், ஒட்டு பிரிந்துவிடும். பிறகு பள்ளத்தில் இன்னும் வேகாத பச்சை ரப்பரைத் திணித்து நிரப்புவார்கள். உள்பக்கம் நூல் அடுக்குள்ள பேட்ச் ஒன்றை வைப்பார்கள். அது காயத்தைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும். அறுந்த நூலின் வேலையை இனிச் செய்யப்போவது அதுதான். காயம் எவ்வளவு பெரிதென்றால் எந்தப் பேட்ச், எதற்கு மேல் போடவே கூடாது என்பதற்குப் பேட்ச் செய்கிறவர்கள் அட்டவணை கொடுக்கிறார்கள். பேட்சில் அம்புக்குறியும் இருக்கும், அது பீடிங்கைப் பார்த்து நிற்க வேண்டும். திருப்பி வைத்தால் பேட்சின் நூல் ஒரு திசையில் இழுக்கும், டயரின் நூல் வேறு திசையில் இழுக்கும்.

கடைசியில் அச்சுக்குள் வைத்து இறுக்கிச் சூடேற்றுவார்கள். 140, 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் பச்சை ரப்பரில் கலந்திருக்கும் கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும். பிசின் போல இழுபட்டது, இழுத்துவிட்டால் திரும்புகிற ரப்பராகிவிடும். தடிமன் கூடக் கூட நேரமும் கூடும். புது டயர் தொழிற்சாலையில் அச்சுக்குள் வெந்து வருவதும் இதே வேதியியலில்தான். சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்து 1844-ல் காப்புரிமை வாங்கிய முறை, தொழிற்சாலைக்குள்ளும் சாலையோரக் கொட்டகையிலும் ஒன்றுபோல நடக்கிறது.

ஆகவே, ஒழுங்காக வெந்த ஒட்டைத் தற்காலிக ஏற்பாடு என்று நினைக்கத் தேவையில்லை. மிச்சமிருக்கும் பட்டன் தேயும் வரை அது நிற்கும். பழுதுபார்ப்பை ஏழை வீட்டு ஏற்பாடாகப் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952-ல் இறங்கியது தேய்ந்த டயருக்குப் புதிதாகப் பட்டன் ஏற்ற உதவும் டிரெட் ரப்பர் தொழிலில். டயர் செய்யத் தொடங்கியது அதன் பிறகு, 1961 வாக்கில்தான். இந்தியாவின் பெரிய டயர் நிறுவனம் ஒன்று பழைய டயரைக் காப்பாற்றும் தொழிலில் சம்பாதித்துத்தான் புது டயருக்கு வந்திருக்கிறது.

இப்போது மறுபக்கம். புது டயர் என்ன தருகிறது? முழு நூல், முழு பட்டன், பீடிங் பற்றிய கவலையின்மை, நடு வயலில் நிற்காது என்ற மன அமைதி. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எடைபோட முடியாது. மேட்டூர் திறந்து, முறைத்தண்ணீர் வந்து, ஊரே ஒரே வாரத்தில் சேற்றுழவுக்கு ஆள் தேடும் நேரத்தில் வாடகைக்கு ஓட்டும் வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் மட்டும் போவதில்லை. வாடிக்கைக்காரர் வேறு வண்டிக்குப் போய்விடுவார். சூட்டு ஒட்டுக்கு டயரைக் கொடுத்தால் அன்றே திரும்பக் கிடைப்பது அரிது. கழற்றல், காய்தல், வேகுதல், மாட்டுதல் என்று இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். புது டயர் கையில் இருந்தால் அரை நாள் வேலை. போகத்தின் உச்சத்தில் கிழிந்தால் புது டயர் பக்கம் தராசு சாய்வதற்கு இதுவே போதுமான காரணம். கோடையில் கிழிந்தால் இந்தக் காரணம் காணாமல் போய்விடும்.

ஆனால் புது டயர் தனியாக வருவதில்லை, ஒரு சிக்கலையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பாதி தேய்ந்தது. 13.6-28 புதுசில் பட்டன் உயரம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். மறுபக்க டயரில் பாதி போயிருந்தால் ஆரத்தில் 15 மில்லிமீட்டர் வித்தியாசம். சக்கரத்தின் ஆரம் 650 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 2 சதவீதத்துக்கு மேல் வருகிறது. வண்டி நேராக 100 மீட்டர் போகும்போது ஒரு சக்கரம் 2 மீட்டருக்குமேல் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. வளைவில் மட்டும் வேலை செய்ய வேண்டிய டிஃபரன்ஷியல் நேர் ஓட்டத்திலும் ஓயாமல் வேலை செய்யும். சேற்றில் லாக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றக் கட்டாயப்படுத்தப்படும். ஒன்று வழுக்கியாக வேண்டும் அல்லது பல்சக்கரம் முறுக்கத்தைத் தாங்க வேண்டும். நாலு சக்கர இழுவை வண்டியில் இது இன்னும் நுட்பமானது. முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்றே முந்திச் சுழலும்படிக் கணக்கிட்டுப் பல்சக்கரம் வைத்திருப்பார்கள். ஒரு பக்கத்து உயரம் மாறினால் அந்தக் கணக்கு கெட்டு, முன் டயர் வீணாகத் தேயும்.

அதனால் "ஒரு டயர் மாற்றுகிறேன்" என்று போனவர் இரண்டு டயர் வாங்கி வருவதாக வைத்துப் பார்ப்பதுதான் நியாயமான விலை ஒப்பீடு. இதைக் கடையில் யாரும் முதலில் சொல்வதில்லை. பாதி தேய்ந்த நிலையில் ஒன்று கிழிந்தால், ஒட்டின் எதிரே நிற்பது ஒரு டயரின் விலை அல்ல, ஒரு ஜோடியின் விலை. இடையில் ஒரு வழியும் இருக்கிறது. அதே அளவு, அதே தேய்மானமுள்ள செகண்ட் டயர் ஒன்றைத் தேடிப் போடுவது. கிடைத்தால் நல்லது. ஆனால் வாங்குமுன் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் வெயிலில் நின்று வெடிப்பு விட்ட பழைய டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

வேலைக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் சேற்றுழவு ஓட்டும் வண்டியையும், கரும்பாலைக்கு டிரெய்லரில் கரும்பு இழுக்கும் வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டிலும் ஒரே 13.6-28, ஒரே இடத்தில் ஒரே நீளக் கிழிசல் என்று வைத்துக்கொள்வோம்.

சேற்று வண்டியில் பின் டயரோடு சேர்த்தோ, டயரைக் கழற்றிவிட்டு அதன் இடத்திலோ கேஜ்வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டியிருப்பார்கள். சேற்றைப் பிடித்து வண்டியைத் தள்ளுவது பெருமளவு அந்த இரும்புதான். டயர் குளிர்ந்த சேற்றில் மெல்லச் சுற்றுகிறது. சூடு ஏற வழியில்லை. ஒட்டுக்கு எதிரி சூடும் கசக்கலும்தான். இங்கே இரண்டுமே குறைவு. நல்ல ஒட்டு இந்த வண்டியில் தாராளமாக நிற்கும். "சேத்துல பிடிக்கல, பட்டன் தேஞ்சுடுச்சு" என்று புது டயர் வாங்குகிற பலர், கேஜ்வீலின் தகடு தேய்ந்திருப்பதைக் கவனிப்பதில்லை. ஆழப் பட்டன் கொண்ட, நெல்லுக்கும் கரும்புக்குமென்றே செய்த ஆர்-2 வகை டயர்கள் உலகில் உண்டு. அவற்றின் பட்டன் சாதாரண ஆர்-1 டயரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு உயரம். நம்மிடம் ஓடுவது பெரும்பாலும் ஆர்-1 என்பதால் சேற்றில் கேஜ்வீலுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது.

கரும்பு வண்டி வேறு உலகம். டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாகப் பின் அச்சில் அமர்கிறது. தார்ச்சாலை, வெயில், மணிக்கு 25, 30 கிலோமீட்டர், தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல். டயர் கைவைக்க முடியாதபடி சூடாகிறது. தோள்பட்டையில் போட்ட ஒட்டின் ஓரம் இந்தச் சூட்டில் முதலில் இளகும். இங்கே நட்டம் ஒரு நாள் கூலி அளவில் நிற்காது. ஆள் நடமாட்டமுள்ள சாலையில் சுமை வண்டி ஒரு பக்கம் சாய்வது உயிர் போகும் விஷயம். ஆகவே பாரவண்டியின் பின் டயரில் பக்கச் சுவரோ தோள்பட்டையோ நூல் அறும்படி கிழிந்தால் புது டயர் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கிழிந்ததை ஒட்டி, அதை உழவுக்கு மட்டும் ஓடும் வண்டிக்குக் கொடுத்துவிடலாம். ஒரே வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் இந்த மாற்று மிக நன்றாக வேலை செய்கிறது.

புழுதி உழவு இவ்விரண்டுக்கும் நடுவே. காய்ந்து இறுகிய நிலத்தில் தேய்ந்த பட்டன் டயர் புதுசுக்கு அதிகம் குறைந்துபோவதில்லை. ரப்பர் பரப்பு நிறையத் தரையைத் தொடுவதால் பிடிப்பு நன்றாகவே இருக்கும். ஈரம் ஏறிய களிமண்ணில் அது வழுக்கத் தொடங்கும், டீசல் கரையும். பருத்திக் கட்டை, துவரைக் கட்டை, மக்காச்சோளத் தட்டையின் கூர்முனை ஆகியவை குத்துவதும் இந்த நிலத்தில்தான். பாட்டில் சில்லும் இப்போது சேர்ந்துகொண்டது. வரப்பில் உட்கார்ந்து குடித்துவிட்டு வயலுக்குள் புட்டியை உடைத்தெறிகிறவர்களால் கிழிவது டயர் மட்டும் இல்லை, நடவாட்களின் காலும்தான். இதை ஊர்க் கட்டுப்பாடாகவே தடுத்தாக வேண்டும்.

முன் டயரைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 6.00-16 போன்ற முன் டயரின் விலை பின் டயரில் நாலில் ஒரு பங்குகூட வராது. திசை திருப்புவது அது. நூல் அறுந்தால் மாற்றிவிடுங்கள்.

இனி ரூபாய். 13.6-28 பின் டயர் ஒன்று, தயாரிப்பையும் அடுக்கு எண்ணிக்கையையும் பொறுத்து, இருபதாயிரத்தைச் சுற்றியோ அதற்கு மேலோ போகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கும் டியூப்புக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. வரிக்கு முந்தைய விலை 20,000 என்றால் முன்பு 23,600 கொடுத்த இடத்தில் இப்போது 21,000. ஒரு டயருக்கு 2,600 ரூபாய் குறைவு, ஜோடிக்கு 5,200. இது நல்ல செய்திதான். முன்பு ஒட்டலாமா என்று யோசித்த சில காயங்கள் இப்போது மாற்றுவதன் பக்கம் வந்திருக்கின்றன. ஆனாலும் கணக்கைப் போட வேண்டிய விதம் மாறவில்லை. ஒட்டுக் கூலியைப் புது டயர் விலையோடு வகுத்துப் பார்ப்பது தப்பு. கிழிந்த டயரில் இன்னும் மிச்சமிருக்கும் ஓட்டத்தின் மதிப்போடு பார்க்க வேண்டும். 21,000 ரூபாய் டயரில் முக்கால் பட்டன் இருந்தால் அதில் பதினைந்தாயிரத்துக்குக் குறையாத உழைப்பு மிச்சமிருக்கிறது. அதைக் காப்பாற்ற மூவாயிரம் கேட்டாலும் கொடுக்கலாம். கால் பட்டன்தான் இருக்கிறது என்றால் மிச்சம் ஐயாயிரம். அதற்கு அதே மூவாயிரத்தைக் கொட்டினால் ஒட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மிஞ்சுவது சொற்பம், அலைச்சலுக்குக்கூட ஈடாகாது. காயம் அதேதான், கடைக்காரரும் அவரேதான், கூலியும் மாறவில்லை, ஆனால் பதில் தலைகீழாகிவிடுகிறது.

ரப்பர் கிடைக்காத காலத்தில் இந்தக் கணக்குக்கே இடமில்லாமல் போனது. டிராக்டருக்குக் காற்றடைத்த டயர் போட்டு விற்பனைக்கு வந்தது 1932 வாக்கில், அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் வண்டிகளில். அதுவரை இரும்புச் சக்கரம்தான். பத்தே ஆண்டில் போர் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியதும், தமிழர்கள் ஏராளமாகப் பால் வெட்டிய அந்தத் தோட்டங்களின் ரப்பர் மேற்கு நாடுகளுக்கு எட்டாமல் போனது. 1942 ஜனவரியில் அமெரிக்க அரசு டயரை ரேஷனில் கொண்டுவந்தது. அந்தப் போரில் அங்கே முதலில் ரேஷனுக்கு வந்த பொருள் டயர். புது டிராக்டர்கள் மறுபடியும் இரும்புச் சக்கரத்தோடு வெளிவந்தன. டயர் வைத்திருந்த உழவர்கள் ஒட்டி ஒட்டி ஓட்டினார்கள்.

மாற்றிவிட்டால் பழையது எங்கே போகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்த டயரில் மழைநீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு அதில்தான் முட்டையிடும். போகியன்று எரித்தால் ஊரே கரும்புகையில் மூழ்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டாமென்று கேட்டுக்கொண்டும் இன்னும் எரிகிறது. கழிவு டயரைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிகள் உற்பத்தியாளர் மீதும் இறக்குமதியாளர் மீதும் வைக்கின்றன. பழையதை எடுத்துக்கொள்கிறீர்களா என்று டயர் கடையில் கேளுங்கள். டயரை இரண்டு போகம் கூடுதலாக ஓட்டினால் அந்தக் குப்பையும் இரண்டு போகம் தள்ளிப்போகும்.

எனக்கு உண்மையான கவலை ஒட்டுப் போடத் தெரிந்த கைகளைப் பற்றியது. டியூப் ஒட்டும் கடை ஊருக்கு ஊர் இருக்கிறது. பெரிய டயருக்கு அச்சு வைத்துச் சூட்டு ஒட்டுப் போடும் கடை அப்படி இல்லை. அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க முறையான இடமும் அரிது; பெரும்பாலும் ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கற்கிறார். கோயம்புத்தூரில் எல்ஜி போன்ற நிறுவனங்கள் டயர் புதுப்பிக்கும் ரப்பரையும் இயந்திரத்தையும் உலகத்துக்கே செய்து அனுப்புகின்றன. பொருள் நம்மிடம் இருக்கிறது, அட்டவணையும் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் டிராக்டர் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்குச் சில வாரம் இதைக் கற்றுக்கொடுத்தால் நெல் விளையும் ஒவ்வொரு வட்டாரத்திலும் நம்பிக் கொடுக்க ஒரு கடை கிடைக்கும். இப்போது நல்ல டயர் பலவும் குப்பைக்குப் போவதற்குக் காரணம், அவை தேறாதவை என்பதல்ல. தேற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை.

எந்த வழி போனாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ரிம்மில் விரிசல் இருந்தால் டயரை முழுக்கக் கழற்றிய பிறகே வெல்டிங் வைக்க வேண்டும். காற்றை இறக்கிவிட்டோமே என்று மாட்டியபடி வெல்டிங் வைத்து, உள்ளே சூடேறிய வாயு டயரை வெடிக்கவைத்து ஆள் இறந்த விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பீடிங் ரிம்மில் உட்கார மறுக்கிறதென்று 35 பி.எஸ்.ஐ.-க்கு மேல் காற்றை ஏற்றக் கூடாது. இறக்கிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி முயல வேண்டும். காற்றேறும் டயருக்கு நேரே யாரும் குனிந்து நிற்க வேண்டாம்.

ஒட்டிய டயரை மாட்டிய பிறகு முதல் பத்து மணி நேரம் அதைச் சந்தேகத்தோடு ஓட்டுங்கள். முதல் இரண்டு மணி நேரம் உழவு மட்டும், பாரம் வேண்டாம். இறங்கி ஒட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சுற்றுப்புறத்தைவிட அங்கே மட்டும் சூடாக இருந்தால் உள்ளே அடுக்கு உரசுகிறது. மறுநாள் காலை, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றளவு பாருங்கள். பக்கவாட்டில் குனிந்து புடைப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஓட்டாமல் கடைக்குக் கொண்டுபோய் மறுபடி திறக்கச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தண்ணீர் நிரப்ப வேண்டியிருந்தால் அப்போது நிரப்பிக்கொள்ளலாம்.